அன்றைக்குக் காற்றே இல்லை, அக்கா

சாமுவேல் சார் கட்டிய தாலிச் சங்கிலியோடு பள்ளிக்கூட விசிலையும் கழுத்திலிருந்து கழற்றாமல் போட்டிருந்த என் எஸ்தர் அக்காவுக்கு,

பாக்கியம் எழுதுகிறேன். வருகிற வியாழக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஒரு வருஷம் என்று எழுதிவிட்டேனே தவிர, அது இன்னும் எனக்கு உள்ளே இறங்கவில்லை. காலையில் வாசல் தெளிக்கும்போது உங்கள் வீட்டுக் கேட் சத்தம் கேட்டால் ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டீர்கள் என்று நிமிர்ந்து பார்க்கிறேன். சாமுவேல் சார் பால் செம்போடு நிற்கிறார்.

காலனிச் சங்கத்தில் உங்களுக்கு ஒரு நினைவுத் தாள் போடுகிறார்கள். செக்ரட்டரி இப்போதும் ராமநாதன் சார்தான். "டீச்சர்கூடவே இருந்தவங்க நீங்கதாம்மா. நல்லதா நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க, ஒரு பக்கம் வந்தா போதும்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எட்டு நாளாக நாலு வார்த்தை வரவில்லை.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நான் இரண்டு பொய் சொல்லியிருக்கிறேன். ஒன்று போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரிடம். எங்கள் கிணற்றடியில் தொங்கிய அரிக்கேன் விளக்கைக் காற்று அணைத்துவிட்டது என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். இன்னொன்று உங்களிடமே சொன்னது. இந்த இரண்டும் சேர்ந்து சாமுவேல் சாரை உள்ளுக்குள் தின்றுகொண்டிருக்கின்றன. ஆகவே நல்ல வார்த்தை எழுதப் போவதில்லை, அக்கா. நடந்ததை எழுதுகிறேன். காலனியே படிக்கட்டும்.

உங்களுக்குத் தெரிந்த கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வருஷத்துக்கு அப்புறம் குடி வந்தவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு எஸ்தர் டீச்சர் என்றால் சர்ச் ஹாலில் மாட்டியிருக்கிற ஒரு போட்டோதானே.

எங்கள் மாமனார் நெல் போட்ட நிலத்தை மனை பிரித்துத்தான் இந்தக் காலனி வந்தது. முப்பத்தெட்டு வீடு. மேலே ஏரி, கீழே எருமை வைத்திருப்பவர்களின் தெரு, அதுவும் அந்தக் கணக்கில்தான். அந்தப் பக்கம் நடக்கிற தூரத்தில் ஏர்போர்ஸ்காரர்களின் ஓடுதளம். யுத்தம் வரும் என்று பேச்சு எழுந்தபோது, ராத்திரியில் ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று தாலூகா ஆபீசிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். யார் பொறுப்பு எடுப்பது என்று ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர் நீங்கள் எழுந்து, "நான் பார்த்துக்கறேன் சார்" என்றீர்கள். அவ்வளவுதான், அன்றைக்கே காலனி முழுக்க உங்கள் ஆறாம் வகுப்பாகிவிட்டது.

மூன்று நீள விசில். கேட்டவுடன் விளக்கை அணைக்க வேண்டும், வீட்டுக்குள் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. ஜன்னலுக்கெல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்ட வைத்தீர்கள். கையில் ஸ்போர்ட்ஸ் டே ஸ்டாப்வாட்ச். முதல் நாள் பதினோரு நிமிஷம் ஆயிற்று. நீங்கள் நடுத் தெருவில் இடுப்பில் கை வைத்து நின்ற நிற்பு எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

ராமநாதன் சார் சாமி விளக்கை அணைக்க மாட்டேன் என்று நின்றார். "அணைக்க வேண்டாம் சார், மேல ஒரு கூடையைக் கவுத்து வைங்க, சாமிக்கு உள்ள வெளிச்சம் இருந்தா போதும்" என்றீர்கள். அவர் வீட்டு விசாலாட்சி மாமி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினார். கீழ்த் தெருக் கன்னியப்பன் வேறு விதம்.

"இன்னா டீச்சரம்மா, ஏரோப்ளேன்காரன் என் எருமையப் பாக்கவா அம்மாந்தொலைவு வரப் போறான்?"

"எருமைக்கு வரமாட்டான் கன்னியப்பன். உங்க விளக்கைப் பார்த்துதான் ஏர்போர்ஸ் எந்தப் பக்கம்னு கண்டுபிடிப்பான். அணைங்க."

"அப்ப எருமை தேவலாம்மா. இருட்டுல அத்த நானே தேடிக்கினு கீறேன்."

எத்தனை சாயங்காலம் அக்கா. பதினோரு நிமிஷம் ஆறாயிற்று, ஆறு மூன்றாயிற்று. யுத்தம் வந்தே விட்டபோது ஐம்பது செகண்டில் முப்பத்தெட்டு வீடும் இருண்டது. நீங்கள் வீடு வீடாக வந்து ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தீர்கள். ரிட்டையர் ஆன பெரிய மனுஷர்கள் எல்லாம் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள்.

விமானம் வரவில்லை. யுத்தம் முடிந்தது. ஜன்னல் காகிதத்தைக் கிழிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது நீங்கள் மட்டும் என் சமையலறைப் படியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஏரோப்ளேன் வரல பாக்கியம். ஆனா மழை வருமில்ல? கரண்ட் போகுமில்ல? ஏரிக் கால்வாய் உடையும். யார் வீட்லயாவது தீப்பிடிக்கும். அதுக்கெல்லாம் நாம என்ன கத்துக்கிட்டோம் சொல்லு. அணைச்சிட்டு உள்ள உக்காரத்தான் கத்துக்கிட்டோம்."

அப்படித்தான் அந்தப் புதுத் தாள் பிறந்தது. நீங்கள் சொல்லச் சொல்ல ஸ்டென்சிலில் நான் எழுதினேன், என் கையெழுத்துக் குண்டு குண்டாக இருக்கும் என்று. தலைப்பு, 'கரண்ட் போனால்'. யார் வீட்டில் நீளக் கயிறு இருக்கிறது, யார் வீட்டில் படுக்கையாகக் கிடப்பவர் இருக்கிறார், அறுந்து விழுந்த கம்பி பக்கம் யாரும் போகக் கூடாது, அவலும் குடிநீரும் இரண்டு நாளைக்கு எடுத்து வைப்பது, வெள்ளம் வந்தால் கீழ்த் தெருக் குழந்தைகளைப் பள்ளிக்கூட மாடிக்கு யார் யார் தூக்கிப் போவது. எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரி. அதை இரண்டு தடவை அடிக்கோடு போடச் சொன்னீர்கள். 'இனிமேல் மூன்று விசில் கேட்டால் யாரும் விளக்கை அணைக்கக் கூடாது. எரிகிற விளக்கோடு வாசலுக்கு வர வேண்டும்.'

அரைப் பரீட்சை லீவு விடுவதற்கு முதல் நாள் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிரதி எடுத்து என்னிடம் கொடுத்தீர்கள். மை வாசனை அடித்தது. "எனக்குக் கிறிஸ்மஸ் வேலை தலைக்கு மேல இருக்கு. வீடு வீடாக் கொடுத்துடு பாக்கியம், வாயாலயும் சொல்லிடு" என்றீர்கள்.

நான் கொடுக்கவில்லை, அக்கா.

காரணத்தைச் சொன்னால் காறித் துப்புவார்கள். செக்ரட்டரி முதலில் கையெழுத்துப் போடாமல் எந்தத் தாளும் அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது என்பது சங்கத்துப் பழக்கம். ஆகவே ராமநாதன் சார் வீட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். விசாலாட்சி மாமிக்கும் எனக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. என் இட்லித் தட்டை வாங்கிப் போய் ஒரு குழியை நசுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதலிலேயே அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிட்டார். அந்தப் படி ஏற மாட்டேன் என்று எனக்கு வீம்பு. இன்றைக்கு வேண்டாம் நாளைக்கு என்று நாற்பது தாளையும் பீரோவில் கூறைப்புடவைக்கு அடியில் வைத்தேன்.

கிறிஸ்மஸ் அன்று கேக்கும் முறுக்கும் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். தட்டை என் கையில் கொடுக்கும்போதே கேட்டீர்கள்.

"தாள் எல்லா வீட்டுக்கும் போயிடுச்சா?"

"போயிடுச்சு அக்கா."

"கன்னியப்பன் தெருவுக்கும்?"

"அங்கயும்தான்."

இதுதான் உங்களிடம் சொன்ன பொய். திட்டு வாங்க வேண்டாமே என்று சொன்னேன். நல்ல நாளும் அதுவுமாக உங்கள் முகம் சுருங்க வேண்டாமே என்றும் நினைத்தேன். அடுத்த நாள் கொடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது? அடுத்த நாள் மழை பிடித்துக்கொண்டது. மழையில் தாள் நனையும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாளும் விடவில்லை. நேராகக் கொட்டுகிற மழை. இலை அசையவில்லை, கொடியில் மறந்துவிட்ட துணிகூட ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மத்தியானமே கரண்ட் போயிற்று. ஆறரைக்கெல்லாம் கும்மிருட்டு. ஒவ்வொரு வீட்டிலும் அரிக்கேன், மெழுகுவர்த்தி, காடா விளக்கு என்று ஏற்றினார்கள். பழுப்புக் காகிதம் ஈரத்தில் உரிந்து போயிருந்ததால் வெளிச்சம் வெளியே தெரிந்தது. வாசலில் நின்று பார்த்தபோது கார்த்திகை மாதிரி இருந்தது.

எங்கள் புது வீட்டு மனையில் வெட்டின கிணற்றுக்கு அப்போது கைப்பிடிச்சுவர் இல்லை. மழைக்கு முன்னால் கட்டுங்கள் என்று எங்கள் வீட்டுக்காரரை எத்தனை தடவை பிடித்துச் சொன்னீர்கள். அவர் கொத்தனார் வரவில்லை என்று இழுத்தார். கடைசியில், "சுவர் வர்ற வரைக்கும் சாயங்காலம் ஆனா அங்க ஒரு விளக்கு தொங்கணும், அது உன் பொறுப்பு" என்று என்னிடம் சொன்னீர்கள். மூங்கில் நட்டு, தினமும் நான்தான் விளக்கு மாட்டினேன். அன்றைக்கும் மாட்டினேன். உங்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர அந்த மனைக்குள்தான் குறுக்கு வழி. அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் எல்லோரும் ஒதுங்கி நடப்போம்.

கன்னியப்பன் உங்கள் வீட்டுக்கு ஓடி வந்ததைப் பிறகுதான் சொன்னான். கால்வாய் உடைந்து கீழ்த் தெருவில் இடுப்பளவு தண்ணீர். சாமுவேல் சார் ஆபீசிலிருந்து வரவில்லை, எலெக்ட்ரிக் ரயில் எல்லாம் நின்றுவிட்டது. டார்ச்சைத் தட்டிப் பார்த்தீர்களாம், பாட்டரிக் கட்டை தீர்ந்து போயிருந்ததாம். "நீ போ கன்னியப்பா, புள்ளைங்கள மேல ஏத்து. நான் ஒரு நிமிஷத்துல முப்பத்தெட்டு விளக்கைக் கூட்டிட்டு வர்றேன்" என்றீர்களாம்.

அந்த வார்த்தையை அவன் சொன்ன அன்று சோற்றில் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டுப் படுத்தேன்.

நீங்கள் தெருமுனையில் நின்று ஊதினீர்கள். நான் தாழ்வாரத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முதல் விசிலில் தலை நிமிர்ந்தது. இரண்டாவதில் எழுந்துவிட்டேன். மூன்றாவது முடிவதற்குள் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு மழையில் ஓடிக் கிணற்றடிக்கு வந்து, சிம்னியைத் தூக்கி, திரியை இறக்கி, ஊதினேன்.

நான். அந்த முதல் வரியை இரண்டு அடிக்கோட்டோடு என் கையால் எழுதிய நான். முப்பத்தெட்டு வீட்டில் அது தெரிந்த ஒரே பெண்பிள்ளை. என்னைக் கேட்காமல் என் கை அணைத்தது அக்கா. இதை நினைத்தால் இப்போதும் என் கையை நானே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இது யாருடைய கை?

கிணற்றடியிலிருந்து பார்த்தேன். முதல் தெரு போயிற்று, இரண்டாம் தெரு போயிற்று, கீழே கன்னியப்பன் தெருவும் போயிற்று. சத்தமே இல்லை. நீங்கள் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தால் ஐம்பதுகூட ஆகியிருக்காது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஐயோ என்று விளக்கைத் தொட்டேன், திரும்ப ஏற்றத் தீப்பெட்டி இல்லை. சமையலறைக்கு ஓடினேன்.

நீங்கள் மறுபடி ஊதினீர்கள். யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். மிச்சமிருந்த நாலைந்து விளக்கும் அணைந்தது.

நான் இருட்டில் அடுப்பு மேடையைத் தடவிக்கொண்டிருந்தேன். மனைப் பக்கமிருந்து உங்கள் குரல் வந்தது. கோபக் குரல் இல்லை. ஒன்றும் புரியாத குரல்.

"பாக்கியம், ஏன் எல்லாரும் அணைக்கிறாங்க?"

அதுதான் கடைசி. தண்ணீரில் விழுந்த சத்தம் மழைச் சத்தத்தோடு போய்விட்டது. நான் தீப்பெட்டியோடு வாசலில் நின்று, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம்தான் இருந்தது. பீரோவில், புடவைக்கு அடியில்.

உங்கள் குரல் வராமல் போய், கிணற்றடிக்கு ஓடி நான் அலறிய பிறகுதான் விளக்குகள் வந்தன. கன்னியப்பன் கயிறு கட்டி இறங்கினான். அவன் உங்களைத் தூக்கி வந்தபோது விசில் கழுத்தில்தான் இருந்தது. மற்றவர்கள் அதே விளக்குகளோடு கீழ்த் தெருவுக்குப் போய்க் குழந்தைகளைப் பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றினார்கள். அன்றைக்குக் கீழ்த் தெருவில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. போனது நீங்கள் ஒருத்தர்.

சாமுவேல் சார் பல்லாவரத்திலிருந்து தண்டவாளத்தோடு நடந்து, தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். சட்டைப் பையில் காகிதத்தில் சுற்றி இரண்டு புது டார்ச் கட்டை இருந்தது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அதை வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். "கிணத்துக்கிட்ட வெளிச்சம் எதுவும் இல்லையாம்மா?"

"விளக்கு மாட்டியிருந்தேன் சார். காத்துல அணைஞ்சிடுச்சு."

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குச் சுவர் கட்டாத குற்றம் போதும்போல.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது அக்கா, மறைக்க மாட்டேன். ஏன் என் பேச்சை அப்படி நம்பினீர்கள்? ஸ்கூலில் ஒரு பெண் பல் தேய்த்தேன் என்றாலும் வாயைத் திறந்து காட்டு என்பீர்களே. என்னை மட்டும் ஏன் திறந்து காட்டச் சொல்லவில்லை?

இப்போது உங்களுக்கு இந்த ஒரு வருஷச் சேதி. கிணற்றுக்குச் சுவர் வந்துவிட்டது, என் நெஞ்சு உயரம். கன்னியப்பன் வீட்டு எருமை ஒரு கன்று போட்டது. எல்லோரையும் முட்டி வரிசையில் நிறுத்துகிறது என்று அதற்கு 'டீச்சர்' என்று பேர் வைத்திருக்கிறான். கூப்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். விசாலாட்சி மாமி உங்கள் காரியத்தன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். இட்லித் தட்டைப் பற்றி இரண்டு பேரும் அப்புறம் பேசவில்லை.

சாமுவேல் சார் ஒவ்வொரு சனிக்கிழமையும் டார்ச்சுக்குப் புதுக் கட்டை போடுகிறார். தீர்ந்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை. பழையதெல்லாம் உங்கள் ஜன்னலில் வரிசையாக நிற்கிறது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு டார்ச்சோடு கிளம்பித் தெருத் தெருவாக நடந்து, கடைசியில் எங்கள் கிணற்றுச் சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். நன்றாகக் கரண்ட் எரிகிற நாளில்கூட.

போன ஞாயிற்றுக்கிழமை இந்த வருஷ மழைக்கு என்ன ஏற்பாடு என்று ராமநாதன் சார் வீட்டில் கூட்டம் போட்டார்கள். பேச்சு உங்களிடம் வந்து நின்றது. சாமுவேல் சார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் மொத நாளே கட்டை வாங்கி வச்சிருந்தா எஸ்தர் இருந்திருப்பா."

"மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க சார்" என்றார் ராமநாதன் சார். "அன்னிக்கு அடிச்ச காத்துக்கு டார்ச் இருந்துதான் என்ன. எங்க விளக்கே நிக்கல."

"எங்களுதும் காத்துலதான் போச்சு" என்றார் அடுத்த வீட்டுக்காரர். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். ஒருவர் பின் ஒருவராக எட்டுப் பேர், அக்கா. எட்டு வீட்டு விளக்கையும் ஒரே காற்று, ஒரே நிமிஷத்தில். நான் என் பொய்யை மற்றவர்கள் வாயிலிருந்து கேட்டுக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன். எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேனே. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வருஷமாக இதே காற்றுதானா?

வாசற்படியில் சாய்ந்து நின்ற கன்னியப்பன்தான் வாயைத் திறந்தான். "இன்னா சார் அல்லாரும் காத்து காத்துன்றீங்க. அன்னிக்குக் காத்தே இல்லியே. மய நேரா ஊத்திக்கினு கீது. எங்க வூட்ல வெறுங் காடா விளக்கு, கண்ணாடிகூட கெடையாது, அதுவே எரிஞ்சிக்கினு இருந்துச்சு. விசிலு கேட்டுதுன்னு எம் பொஞ்சாதிதான் ஊதி அணைச்சா. இடுப்பு வரிக்கும் தண்ணில நின்னுகினு அணைச்சிருக்கா சார்."

யாரும் நிமிரவில்லை. சாமுவேல் சார் மட்டும் மெல்லத் தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"விசில் கேட்டு அணைச்சீங்களா? அணைக்கக் கூடாதுன்னுதானே எஸ்தர் தாள் கொடுத்திருந்தா. விளக்கோட வெளிய வரச் சொல்லி. எங்கிட்ட படிச்சுக் காட்டினாளே."

"என்ன தாள் சார்?" என்றார் விசாலாட்சி மாமி.

நிஜமாகவே கேட்டார். மற்றவர்களும் புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சாமுவேல் சார் என் பக்கம் திரும்பினார். நான் காலி டம்ளர்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். குழாயடியில் நின்று, கழுவின டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். நாற்பது தாளும் அப்படியே இருக்கிறது. என் கூறைப்புடவையில் மை வாசனை ஏறிவிட்டது.

ஆகவே இதைப் படிக்கிற முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் யாரும் தப்புச் செய்யவில்லை. டீச்சர் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தீர்கள். அதை மாற்றி அவர் எழுதிய தாள் உங்களிடம் வந்து சேரவில்லை. வரவிடாமல் வைத்திருந்தவள் நான். இனிமேல் யாரும் காற்றைச் சொல்ல வேண்டாம்.

சாமுவேல் சார், உங்களுக்கும்தான். அக்காவுக்கு அன்றைக்கு டார்ச் தேவையே இருந்திருக்காது. முப்பத்தெட்டு விளக்கு வரும் என்று நம்பித்தான் வெறுங்கையோடு கிளம்பினார். நீங்கள் கட்டை வாங்க மறந்ததால் அவர் போகவில்லை. நான் 'போயிடுச்சு' என்று சொன்ன ஒரு வார்த்தையால் போனார். என்னோடு நீங்கள் பேசாமல் இருந்தால் அது நியாயம். போலீஸ் ஸ்டேஷனிலும் போய் மாற்றி எழுதிக் கொடுக்கிறேன்.

அக்கா, ராமநாதன் சார் இந்தப் பக்கத்தை அடித்துவிடுவார் என்று பயமில்லை. ஸ்டென்சிலில் எழுதுகிறவள் நான்தானே. நாளைக் காலையில் பிரதி எடுத்து, ஒவ்வொன்றோடும் உங்கள் 'கரண்ட் போனால்' தாளையும் சேர்த்துக் குத்தி, நானே நடந்து கொடுக்கப் போகிறேன். முதலில் உங்கள் வீடு. அப்புறம் விசாலாட்சி மாமி வீட்டுப் படி. செக்ரட்டரி கையெழுத்துக்குக் காத்திருக்க மாட்டேன். தாளைக் கொடுத்தேன் என்று இந்தத் தடவை யாரும் என் வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவேன்.

உங்கள் விசிலைக் காரியம் முடிந்த அன்று சாமுவேல் சார் என் கையில்தான் கொடுத்தார். இதுவரை வாயில் வைத்ததில்லை. அவர் திருப்பிக் கேட்காவிட்டால், வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு நீங்கள் நின்ற அதே தெருமுனையில் நின்று மூன்று தடவை ஊதுவேன். வாசல் வாசலாக விளக்கு வெளியே வர வேண்டும். முதல் நாள் பதினோரு நிமிஷம் ஆனாலும் ஆகும். இடுப்பில் கை வைத்து முறைக்காதீர்கள். ஐம்பது செகண்டுக்கு வருகிற வரைக்கும் ஒவ்வொரு வாரமும் ஊதிக்கொண்டே இருப்பேன், இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. இது அந்த 'போயிடுச்சு' மாதிரிப் பொய் இல்லை அக்கா.

ஏன் எல்லாரும் அணைக்கிறார்கள் என்று கேட்டீர்கள். ஒரு வருஷம் கழித்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் விளக்கைத் தன் வாயால் ஊதி அணைத்த தங்கை,
பாக்கியம்